விண்ணப்பிக்கும் முன் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உலாவியில் மறைநிலைச் சாளரத்தை (Incognito) திறந்து, உங்கள் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. பிறகு கைபேசி எண்ணையும் தேடுங்கள்.

என் அக்கா மகள் இப்படித் தேடியபோது, எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிய பயோடேட்டா கிடைத்தது. பிறந்த தேதி, வீட்டு முகவரி, அப்பாவின் கைபேசி எண், கடைசியில் கையெழுத்து வரை அப்படியே இருந்தது. பதறிப்போனேன். வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றே நீக்க வைத்தோம்.

முகநூலில் பழைய பொதுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டாம். பழைய பதிவுகளைக் கட்டுப்படுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதை அழுத்தினால் அவை மொத்தமாக நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாறிவிடும்.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்கள் லிங்க்ட்இன்னில் கவனமாக இருங்கள். வேலை தேடுவதைக் காட்டும் பச்சை வளையம் (Open to Work) உங்கள் படத்தைச் சுற்றி வந்தால் உங்கள் மேலாளரும் பார்ப்பார். நீங்கள் வேலை தேடுவது ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம்; ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது.