கெஞ்சுகிற மீனை நம்பாதீர்கள்: உப்புநீர்த் தொட்டியில் தீனித் தவறுகள்

எங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது. ஹாலில் யார் நடந்தாலும் கண்ணாடியோரம் வந்து உடம்பை நெளித்து ஆடும். "பாவம், பசியா இருக்கு போல" என்று வருகிறவர்கள் எல்லாம் உருகுவார்கள். பத்து நிமிடம் முன்புதான் வயிறாரச் சாப்பிட்டிருக்கும். ஆள் வந்தால் தீனி வரும் என்று பழகிவிட்டது, அவ்வளவுதான். அதைப் பசி என்று நம்பி டப்பாவைத் திறப்பதுதான் முதல் தவறு.

மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகும். கடல்நீரின் பிஹெச் 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அம்மோனியாவில் நஞ்சான பங்கு சாதாரண நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிகம். லைவ் ராக்கில், அதாவது தொட்டியில் வைக்கும் உயிருள்ள கடல் பாறையில், குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று மாற்றும். நைட்ரேட்டும் தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும் ஏற ஏற, பாறையில் பச்சைப் பாசியும் மணலில் கருஞ்சிவப்பாக ஒரு வழவழப்பான படலமும் வரும். அப்புறம் வாளி வாளியாக உப்பு கலந்து தண்ணீர் மாற்ற வேண்டியதுதான். இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்கிற அளவு, நாளைக்கு இரண்டு வேளை, பெரும்பாலான மீன்களுக்குப் போதும்.

மைசிஸ் என்ற பொடி இறாலை உறைய வைத்த கட்டியை அப்படியே தொட்டிக்குள் போடுகிறவர்கள் உண்டு. ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, கட்டியை அதில் கரையவிட்டுப் பாருங்கள். தண்ணீர் கலங்கி, கஞ்சித் தெளிவு மாதிரி ஆகும். மீன் அதைச் சாப்பிடப் போவதில்லை, தொட்டியைத்தான் கெடுக்கும். டீ வடிகட்டியில் வடித்து, இறாலை மட்டும் போடுங்கள். (தனி வடிகட்டி வாங்குங்கள். நான் சமையலறையிலிருந்து எடுத்துப் பட்ட திட்டு போதும்.) சம்ப், அதாவது ஃபில்டர் இருக்கும் தனித் தொட்டி, வைத்திருந்தால் தீனி போடும் பத்து நிமிடம் அங்கிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பை நிறுத்துங்கள். இல்லையென்றால் பாதித் தீனி மீனுக்கு முன்னால் ஃபில்டருக்குப் போய்விடும். பிறகு பம்பை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

என் பார்வையில் இதையெல்லாம்விடப் பெரிய தவறு, எல்லா மீனுக்கும் ஒரே தீனி. டேங் மீன் கடலில் நாளெல்லாம் பாசி மேய்வது; பெல்லட் என்ற உருண்டைத் தீனியை மட்டும் கொடுத்தால் மெல்ல மெல்ல இளைக்கும். உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் கிழித்துக் கிழித்துத் தின்னும். லயன் ஃபிஷ்ஷுக்குத் தங்கமீனை உயிரோடு போடுவது பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் தங்கமீனில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் இருக்கிறது. அதன் கொழுப்பும் கடல்மீனுக்கு ஒத்ததல்ல. இறால், கணவாய் என்று கடலில் வருவதையே நறுக்கிக் கொடுங்கள். மஞ்சளும் உப்பும் தடவுவதற்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால் வளர்ந்ததென்றால் பொரி மாதிரி: ஆசையாகச் சாப்பிடும், சத்து குறைவு. தினம் அதையே போடாதீர்கள்.

மாண்டரின் என்ற வண்ண மீன் விஷயத்தில் நானே தவறு செய்தேன். தொட்டி வைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை; அழகில் மயங்கி வாங்கிவிட்டேன். பாறையில் ஒட்டியிருக்கும் கோபிபாட் என்ற பொடி உயிரிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும் மீன் அது. மூக்குக்கு முன்னால் பெல்லட் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருந்ததால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று நினைத்தேன். பாறையில் கோபிபாட் தீர்ந்துபோய், வயிறு உள்ளே ஒட்டியபோதுதான் புரிந்தது. காப்பாற்ற முடியவில்லை.

அதனால் இப்போது எந்த மீன் வாங்கினாலும், கடையிலேயே தீனி போட்டுக் காட்டச் சொல்வேன். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்கிறார்கள். அப்படித் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை பெல்லட்டுக்குச் சுலபமாகப் பழகும். கடலில் பிடித்து வந்தவற்றுக்கு பெல்லட் என்றால் என்னவென்றே தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் யார் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். டாம்செல் மாதிரி ரவுடிகள் மொத்தத்தையும் வாரிக்கொள்ளும். பயந்த மீன் பாறைக்குப் பின்னாலேயே நிற்கும். ரவுடிகளுக்கு ஒரு மூலையில் போட்டு அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது, எதிர்மூலையில் இன்னொரு பங்கைப் போடலாம்.

தீனி டப்பாவைத் தொட்டி மூடி மேலேயே வைக்காதீர்கள். விளக்குச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் வைட்டமின் போய், கொழுப்பு சிக்கடித்துவிடும். சின்ன டப்பாவாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போயிருக்கும்போது தீனியே வேண்டாம். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் தீனி இல்லாமல் தாங்கும். ஆன்தியஸ் மாதிரி அடிக்கடி சாப்பிட வேண்டியவை இருந்தால், அல்லது ஒரு வாரம் ஆகுமென்றால், பக்கத்து வீட்டாரிடம் சொல்லலாம். ஆனால் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அந்தக் கோமாளி மீன்களைப் பார்த்தால் மனசு கேட்காது. அதனால் கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்றில் அன்றன்றைக்கு உரிய பெல்லட்டைப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, மீதியை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.