சீட்டு குலுக்கி ஒரு உருப்படியான போகிமான் டீம் அமைக்கிறது எப்படி

போகிமான்னு சொல்ற பிராணிகளை ஆறு பேர் டீமா சேர்த்து மோத விடுற வீடியோ கேம்தான் போகிமான். அதை ஆட புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது, எந்த ஆறு பேரை எடுக்குறதுன்னுதான். இப்போ மொத்தம் 1025 போகிமான் இருக்கு, அதுல பார்க்கப் பிடிச்சது, கார்ட்டூன்ல வந்தது, யாரோ நல்லா இருக்குன்னு சொன்னதுன்னு எடுத்துட்டு வருவாங்க, பார்த்தா மூணு ஃபயர் ரெண்டு டிராகன் இருக்கும் (இதெல்லாம் டைப், அதாவது போகிமானோட இனம், ஒரு டைப் அடிச்சா இன்னொரு டைப்புக்கு அதிகமா வலிக்கும்), ஒரு வாட்டர் வந்தா பாதி டீம் காலி. இன்னொரு கூட்டம் நெட்ல இருக்கிற டீமை அப்படியே காப்பி அடிக்கும், அது ஏன் ஜெயிக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது.

எங்க அக்கா பசங்களுக்கு நான் இதை வேற மாதிரி சொல்லிக்கொடுத்தேன். ஆளை நாம எடுக்க வேணாம், சீட்டு எடுக்கட்டும், வந்த ஆளுங்களை வச்சு டீமுக்கு எங்க ஓட்டை இருக்குன்னு பார்த்து அடைக்கிறது மட்டும் நம்ம வேலை. ரெண்டு வாரத்துல ரெண்டு பேருக்கும் டைப் எல்லாம் அத்துப்படி, மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தா ஒரு மாசம் ஆனாலும் ஏறியிருக்காது. அதையேதான் இங்க எழுதுறேன்.

ஸ்டெப் 1: டைப் எல்லாம் காதுல விழுந்திருக்கணும்

மொத்தம் 18 டைப். முதல் கேம் 1996ல ஜப்பான்ல வந்தப்போ 15தான், அடுத்த தலைமுறையில டார்க்கும் ஸ்டீலும் சேர்ந்துச்சு, 2013ல ஃபேரி வந்துச்சு. நாங்க இதை சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுற பஸ்லதான் படிச்சோம். மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். ஒண்ணாவது வளைவு வந்தா நார்மல், ரெண்டாவது ஃபயர், மூணாவது வாட்டர்னு வளைவுக்கு ஒரு டைப் சொல்லி, அது எதுக்கு பயப்படும்னும் சேர்த்து சொல்லணும். 18 வளைவுல எல்லா டைப்பும் முடிஞ்சிடும், மிச்சம் ரெண்டு வளைவுல தப்பா சொன்னதை திரும்பக் கேப்பேன். நீங்க எப்படி வேணா படிங்க, முழுசா வரணும்னு இல்ல, டைப் சார்ட்டை போன்ல ஒரு படமா சேவ் பண்ணி வச்சுக்கிட்டா போதும்.

ஸ்டெப் 2: குலுக்குறதுக்கு முன்னாடியே ரூல் பேசிடுங்க

இதுதான் நிறைய பேர் விட்டுடுறது, அப்புறம் சண்டை வரும். நான் வச்சிருக்கிற ரூல் இதுதான். ஒவ்வொரு போகிமானுக்கும் ஒரு நம்பர் உண்டு, அதுல முதல் தலைமுறை 1ல இருந்து 151 வரைக்கும் மட்டும், ஏன்னா புதுசா வர்றவங்களுக்கு 1025ம் தாங்காது. 144, 145, 146, 150, 151 இந்த அஞ்சும் வெளியே, ரொம்பப் பலமான ஆளுங்க, 150ஆன மியூடூ ஒரு பக்கம் வந்துட்டா அப்புறம் ஆட்டமே இல்ல. நிறைய போகிமான் வளர்ந்து வேற உருவமா மாறும், அதனால எது வந்தாலும் அதோட கடைசி வளர்ச்சிதான் கணக்கு, அதாவது 129 வந்தா மாஜிகார்ப்பை வச்சுக்கிட்டு அழ வேணாம், க்யாரடாஸா எடுத்துக்கலாம். ஒரே ஆள் ரெண்டு தடவை வந்தா ஒண்ணு திரும்பக் குலுக்கணும். கடைசியா, ரெண்டே ரெண்டு மாத்து, அதுவும் பிடிச்சதை எடுக்கக் கூடாது, திரும்பவும் குலுக்கித்தான் எடுக்கணும்.

ஸ்டெப் 3: குலுக்குங்க

போன் இருந்தா சுலபம். கூகுள்ல ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர்னு தேடினா மேலயே ஒரு பெட்டி வரும், கீழ் எல்லை 1, மேல் எல்லை 151 போட்டு ஆறு தடவை தட்டுங்க. ரேண்டம் போகிமான் ஜெனரேட்டர்னே தனி சைட்டும் இருக்கு, ஆறையும் படத்தோட ஒரே தட்டுல குடுத்துடும். ஆனா நம்பரா எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க, அதுக்கு போன தடவை என்ன குடுத்துச்சுன்னு ஞாபகம் இருக்காது, 151ல ஆறு எடுத்தா ஏறக்குறைய பத்து டீம்ல ஒண்ணுல ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்துடும். சீட்டுல அந்தப் பிரச்சனை இல்ல, எடுத்த சீட்டை உள்ள போட மாட்டோம்ல.

ஏற்காட்டுல அக்கா வீட்டுப் பக்கம் பனி இறங்கிட்டா சிக்னல் வர்றதும் போறதுமா இருக்கும், அதனால நாங்க சீட்டுதான். பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு நம்பர் எழுதி நாலா மடிச்சு எவர்சில்வர் தூக்குல போட்டு மூடியைப் போட்டு குலுக்குவோம். 146 சீட்டு எழுதுறதுக்குள்ள ஒரு சாயங்காலமே போயிடும்தான், ஆனா எழுதும்போதே நம்பர் சொன்னா பேர் சொல்ற அளவுக்கு வந்துடுவாங்க.

அன்னைக்கு அக்கா பையனுக்கு வந்தது 59, 78, 45, 143, 76, 65. அதாவது ஆர்கனைன், ராபிடேஷ், வைல்ப்ளூம், ஸ்னோர்லாக்ஸ், கோலெம், அலகசாம்.

ஸ்டெப் 4: ஓட்டை எங்கன்னு பாருங்க

இங்க அவசரப்படாதீங்க, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. ஒரு நோட்ல இடது பக்கம் 18 டைப்பையும் மேல இருந்து கீழ எழுதுங்க, மேல ஆறு பேரோட பேரை எழுதுங்க. அந்த டைப் அடிச்சா ரெண்டு மடங்கு வலிக்கும்னா மைனஸ், நாலு மடங்குன்னா ரெண்டு மைனஸ், பாதிதான்னா ப்ளஸ், ஒண்ணுமே ஆகாதுன்னா சைபர், சாதாரணம்னா கட்டத்தை காலியா விட்டுடுங்க. எழுதி முடிச்சுட்டு ஒவ்வொரு வரிசையா படிங்க. மூணு பேருக்கு மைனஸ் இருந்தா அது ஓட்டை. ரெண்டு பேருக்கு மைனஸ், ஆனா ஒரு ப்ளஸ்சோ சைபரோ இல்லன்னா அதுவும் ஓட்டை.

இந்த டீம்ல கிரவுண்ட் வரிசையைப் பாருங்க. ஆர்கனைன் மைனஸ், ராபிடேஷ் மைனஸ், கோலெம் மைனஸ். மத்த மூணும் காலி. எதிர்ல ஒருத்தன் எர்த்க்வேக்ங்கிற கிரவுண்ட் அடியை வச்சிருந்தா அதைத் தாங்க யாருமே இல்ல. வாட்டர் வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான், கோலெமுக்கு ரெண்டு மைனஸ், ரெண்டு ஃபயருக்கும் மைனஸ், வைல்ப்ளூம் மட்டும் ஒரு ப்ளஸ். ரெண்டு வரிசையிலயும் பொதுவா இருக்கிறது யாருன்னு பார்த்தா மூணு பேர் மாட்டுறாங்க, ஆனா ராபிடேஷ் செய்ற வேலையை ஆர்கனைனே செஞ்சிடும். அப்போ வெளியே போக வேண்டியது ராபிடேஷ்.

திரும்ப குலுக்கினா 129. பையன் முகம் சுருங்கிடுச்சு, "சித்தி, இந்த மீன் துள்ளுறதைத் தவிர ஒண்ணும் செய்யாது"ன்னான். கடைசி வளர்ச்சிதான் கணக்குன்னு நேத்தே பேசினோம்லன்னு ஞாபகப்படுத்தினதும்தான் தெளிஞ்சான். க்யாரடாஸ் வாட்டரும் ஃப்ளையிங்கும் சேர்ந்த ஆள், கிரவுண்ட் அடி அதுக்கு சைபர், வாட்டருக்கு ப்ளஸ். எலக்ட்ரிக்குக்கு ரெண்டு மைனஸ் வருதே, அது பயமா இருந்தா கோலெம் கட்டத்தைப் பாருங்க, எலக்ட்ரிக் அங்க சைபர். இவருக்கு ஆகாததை அவர் தாங்குறாரு, அவருக்கு ஆகாததை இவர் தாங்குறாரு. ஐஸ், ராக், ஃபைட்டிங் எல்லா வரிசையையும் திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம், ரெண்டு மைனஸ் இருக்கிற இடத்துல எல்லாம் தாங்க ஒரு ஆள் இருக்கு. ஒரே மாத்துல முடிஞ்சுது.

ஸ்டெப் 5: யாருக்கு என்ன வேலை

தட்டுவடை செட் சாப்பிட்டிருப்பீங்க, வெறும் தட்டு ரெண்டை வாயில போட்டா அது செட் இல்ல, நடுவுல பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் காரத்துக்கு சட்னியும் வேணும். டீமும் அப்படித்தான். அடியில ரெண்டு விதம் இருக்கு, ஃபிசிக்கல் (அட்டாக் நம்பரை வச்சு அடிக்கிறது), ஸ்பெஷல் (ஸ்பெஷல் அட்டாக் நம்பரை வச்சு அடிக்கிறது). ஆறு பேரும் ஒரே விதமா அடிச்சா, எதிராளி அந்தப் பக்கம் கெட்டியா ஒரே ஒரு ஆளை நிறுத்தினா போதும், நாம நகர முடியாது. இங்க ஸ்னோர்லாக்ஸ், கோலெம், க்யாரடாஸ் மூணும் ஃபிசிக்கல். அலகசாம், வைல்ப்ளூம் ஸ்பெஷல். ஆர்கனைனுக்கு அட்டாக் 110, ஸ்பெஷல் அட்டாக் 100, ரெண்டு பக்கமும் போகலாம், அதனால அதுக்கு ஃப்ளேம்த்ரோவர்ங்கிற ஸ்பெஷல் அடியைக் குடுத்து ஸ்பெஷல் பக்கம் தள்ளினோம், மூணுக்கு மூணு ஆச்சு.

அடுத்து ஸ்பீட், அதாவது யார் முந்தி அடிக்கிறதுங்கிறது. அலகசாம் 120, ஆர்கனைன் 95, க்யாரடாஸ் 81, அதுக்கப்புறம் வைல்ப்ளூம் 50, கோலெம் 45, ஸ்னோர்லாக்ஸ் 30. மூணு பேர் வேகம், மூணு பேர் மெதுவு. மெதுவா இருந்தா தப்பு இல்ல, ஸ்னோர்லாக்ஸுக்கு ஹெச்பி, அதாவது உயிர், 160, அது வாங்கிக்கிட்டே நிக்கும். ஆனா மெதுவானவங்களுக்கு யாராவது வழி பண்ணிக் குடுக்கணும், அதுக்குத்தான் வைல்ப்ளூமுக்கு ஸ்டன் ஸ்போர். அது பட்டா எதிராளிக்கு பாரலிசிஸ், ஸ்பீட் பாதியாயிடும், கோலெம் கூட முந்திக்க வாய்ப்பு வரும்.

மூவ், அதாவது ஆட்டத்துல செய்ற அடியோ வித்தையோ, ஒரு ஆளுக்கு நாலுதான். ஒண்ணாவது அதோட சொந்த டைப்பா இருக்கட்டும், சொந்த டைப்ல அடிச்சா ஒன்றரை மடங்கு பலம். மிச்சத்துல ஒண்ணு, தனக்கு எது ஆகாதோ அதைத் திருப்பி அடிக்கிற மாதிரி.

ஸ்டெப் 6: ஆடிப் பாருங்க

போகிமான் ஷோடவுன்னு ஒரு சைட் இருக்கு, பிரவுசர்லயே ஓடும், காசு இல்ல, ஒரு பேர் குடுத்தா போதும். முதல்ல அங்க ரேண்டம் பேட்டில் நாலஞ்சு ஆடுங்க. அதுவே ரெண்டு பேருக்கும் டீம் குலுக்கிக் குடுக்கும், பலம் கம்மியான போகிமானுக்கு லெவலை ஏத்திக் குடுத்து சரிக்குச் சமமா வச்சிருப்பாங்க. கை பழகினதும் டீம் பில்டர்ல போய் உங்க ஆறு பேரையும் போட்டு ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க.

தோத்தா உடனே டீமை மாத்தாதீங்க, குறைஞ்சது அஞ்சு ஆட்டம். ஒவ்வொரு தோல்விக்கும் எந்த டைப் அடிச்சு விழுந்தோம்னு நோட்ல அந்த வரிசைக்கு நேரா ஒரு கோடு போடுங்க. ஒரே வரிசையில மூணு கோடு விழுந்தா மட்டும் மிச்சம் இருக்கிற அந்த ஒரு மாத்தைக் குலுக்குங்க.

பையனும் அவன் அக்காவும் ஆடினப்போ அவ நிடோகிங் இறக்கினா, இவன்கிட்ட ஆர்கனைன் நிக்குது. நிடோகிங் கிரவுண்ட், அடுத்து எர்த்க்வேக்தான் வரும்னு இவன் ஆர்கனைனை உள்ள இழுத்துட்டு க்யாரடாஸை விட்டான், எர்த்க்வேக் வந்துச்சு, ஒண்ணும் ஆகல. அடுத்து அவ தண்டர்போல்ட்ங்கிற எலக்ட்ரிக் அடியைப் போடுவான்னு கோலெமை விட்டான், அதுவும் சைபர். மூணாவது அவ திரும்ப எர்த்க்வேக், கோலெமுக்கு அது ரெண்டு மடங்கு வலி, ஆனா கோலெமோட எபிலிட்டி, அதாவது கூடவே இருக்கிற தனித்திறமை, ஸ்டர்டி, முழு ஹெச்பியில இருந்தா ஒரே அடியில விழாது, 1 ஹெச்பியோட நின்னுச்சு. நின்ன கோலெம் திருப்பி ஒரு எர்த்க்வேக் விட்டுச்சு, நிடோகிங் பாய்சனும் சேர்ந்த ஆள், அங்கேயே விழுந்துச்சு. "சித்தி, நோட்ல எழுதினது அப்படியே நடக்குது"ன்னு கத்திக்கிட்டு சமையக்கட்டு வரைக்கும் ஓடி வந்தான்.