டிவிடியிலிருந்து படங்களை வேகமாக எடுக்க, டிரைவின் வேகத்தைக் குறையுங்கள்

அக்காவின் கல்யாணப் படங்கள் ஒரே டிவிடியில் ஆறாயிரத்துச் சொச்சம் கோப்புகளாக இருந்தன. மொத்தமாக நகலெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் ஒட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கால்வாசிகூட முடியவில்லை. டிரைவ் மட்டும் கரக் கரக்கென்று முனகிக்கொண்டிருந்தது.

அது வட்டைப் படிக்கும் லென்ஸ் இடம் மாறும் ஓசை. ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்துக்குத் தாவ ஏறக்குறைய 10 மில்லி நொடி போதும். டிவிடி டிரைவுக்கு 100 முதல் 200 வரை பிடிக்கும். கோப்புக்கு ஒரு தாவல் என்றாலே கால் மணி நேரம் அதற்கே போய்விடும். போதாக்குறைக்கு, நான் அதே கோப்புறையைச் சிறுபடக் காட்சியில் திறந்து வைத்திருந்தேன். லென்ஸ் இரண்டு எஜமானர்களுக்கு ஓடியது.

ஆகவே கோப்பு கோப்பாக எடுக்காமல், வட்டு முழுவதையும் ஒரே ஓட்டமாகப் படித்து ஐஎஸ்ஓ கோப்பாக்கிவிடுங்கள்; அதாவது, மொத்த வட்டின் நகலும் ஒரே கோப்பில்.

படி 1: வட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் கூடவே ஓடும். டிரைவின் பிழைதிருத்தம் அதற்கு ஈடுகொடுக்காது.

படி 2: இம்க்பர்ன் மென்பொருளில், வட்டிலிருந்து ஐஎஸ்ஓ உருவாக்கும் வசதியைத் திறங்கள். பழையது, அழகில்லாதது, இலவசம். இந்த வேலைக்குக் காசு கொடுத்து வேறொன்று வாங்குவது வீண் என்பேன்.

படி 3: படிக்கும் வேகம். நான் சறுக்கிய இடம் இதுதான். உச்ச வேகத்திலேயே விட்டுவிட்டேன். கீறல் வந்ததும் டிரைவ் தடுமாறி, சுழற்சியைக் குறைத்து, திரும்பப் படித்து, மறுபடி வேகமெடுத்து, அடுத்த கீறலில் மீண்டும் தடுமாறியது. ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். 4எக்ஸ் என்று மாற்றினேன். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 எம்பி; அந்தக் கணக்கில் 4.7 ஜிபி வட்டு கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். முடிந்தது.

படி 4: விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ கோப்பை இரட்டைச் சொடுக்கினாலே தனி டிரைவாகத் திறக்கும். படங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: வெளியே பொருத்தும் டிரைவ் சுற்றத் தொடங்கித் தொடங்கி நின்றுவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 முனை தருவது 500 மில்லி ஆம்பியர். வட்டைச் சுழற்றத் தொடங்கும்போது பல டிரைவ்கள் அதைவிட அதிகம் கேட்கும்.

இன்னொருவர் சிடிக்கும் 4எக்ஸ் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தாராம். சிடியில் 1எக்ஸ் வெறும் 150 கேபிதான். அதற்கு 24எக்ஸ் வையுங்கள்.