மூன்று பேர் சேர்ந்து ஒரு கற்றல் விளையாட்டு: நாங்கள் செய்த முறை

பின்னங்களைக் கற்றுத்தர ஒரு விளையாட்டு செய்ய நினைத்தோம். கணக்கு ஆசிரியையான என் தோழி, படம் வரையும் நண்பர், நிரல் எழுதும் நான். முதல் முறை வேலையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். தோழி நாற்பது கேள்விகள் அனுப்பினார், நான் ஓடித் தாவும் விளையாட்டைச் செய்தேன், நண்பர் பொம்மைகளை வரைந்தார். கடைசி வாரம் மூன்றையும் ஒட்டினோம். பிள்ளைகள் ஆசையாகத்தான் ஓடினார்கள். கேள்வி வந்ததும் நான்கு விடைகளையும் வரிசையாக அமுக்கிவிட்டு மறுபடி ஓடினார்கள். பின்னம் யாருக்கும் ஏறவில்லை.

இரண்டாம் முறை என்ன மாற்றினோம் என்பதுதான் இந்தப் பதிவு. மென்பொருள் நிறுவுவது, கணக்குத் தொடங்குவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: ஒரு வாக்கியம்

கணினியைத் திறக்காமல் மூவரும் உட்கார்ந்து இதை நிரப்புங்கள்: "விளையாடுபவர் ____ செய்வார், அதைச் செய்ய ____ தெரிந்தாக வேண்டும்."

எங்களுடையது: "பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பலகைகளை அடுக்குவார், அதைச் செய்ய பின்னங்களைக் கூட்டத் தெரிந்தாக வேண்டும்." பழைய விளையாட்டை இதில் போட்டுப் பார்த்தோம். தாவுவதற்குப் பின்னம் தேவையே இல்லை!

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. ஹேப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் வகுத்தலுக்கான ஒரு விளையாட்டை இரண்டு விதமாகச் செய்தார்கள். ஒன்றில் எதிரியாக வரும் எலும்புக்கூட்டின் மார்பில் உள்ள எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அதை வீழ்த்த முடியும். மற்றொன்றில் சண்டை தனி, கணக்குக் கேள்விகள் தனி. கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வடிவில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். விரும்பியதை எடுக்கச் சொன்னபோது அதையேதான் ஏழு மடங்கு அதிக நேரம் விளையாடினார்கள்.

படி 2: காகிதத்தில் விளையாடுங்கள்

24 செ.மீ. நீளக் காகிதப் பட்டைதான் முழுப் பாலம். 24-ஐ 2, 3, 4, 6, 8 எல்லாமே மீதியின்றி வகுக்கும் என்பதால் வெட்டுவது சுலபம்: 1/2 என்றால் 12 செ.மீ., 1/3 என்றால் 8, 1/4 என்றால் 6. ஒரு மணி நேர வேலை. ஓவியர் இந்தக் கட்டத்தில் அழகாக வரைய வேண்டாம். அழகாக வரைந்துவிட்டால் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது.

படி 3: தப்பு விடைகளின் பட்டியல்

நாங்கள் இடறிய இடம் இதுதான். தப்பு விடைக்குச் சிவப்புக் குறியும் ஒரு சத்தமும் போதும் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

காகிதத்தில் விளையாடிய ஒரு சிறுமி 1/3 பட்டையையும் 1/4 பட்டையையும் அடுத்தடுத்து வைத்து, "மொத்தம் 2/7" என்றாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். என் தோழி எதுவும் சொல்லவில்லை. புதிதாக 2/7 பட்டை ஒன்றை வெட்டினார், 7 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. அதை 1/3 பட்டைக்குக் கீழே வைத்தார். சிறுமி இரண்டின் ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "கூட்டினா குறையுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எந்தச் சிவப்புக் குறியும் வரவழைத்திருக்காது. அன்றே சத்தத்தை எடுத்துவிட்டேன். இப்போது 2/7 என்று போட்டால் அந்த நீளத்துக்கே பலகை வந்து, முதல் பலகையைக்கூட எட்டாமல் நிற்கும்.

ஆகவே நான்கு பத்தி உள்ள அட்டவணை ஒன்று போடுங்கள்: தப்பு விடை, பிள்ளை அப்படி நினைக்கக் காரணம், திரையில் என்ன தெரிய வேண்டும், செய்ய எத்தனை மணி நேரம். முதல் இரண்டும் ஆசிரியருக்கு, மூன்றாவது ஓவியருக்கு, நான்காவது நிரலாளருக்கு. ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்புங்கள். தனித்தனியாக நிரப்பி அனுப்பினால் பழைய கதைதான். காரணம் என்ற இடத்தில் "கவனக்குறைவு" என்று வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள், அதைத் திரையில் காட்ட முடியாது. ஆறு வரி போதும்.

படி 4: கருவிகள்

முதல் திரை வடிவத்துக்கு, கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்தான் என் தேர்வு. ஆசிரியரே திறந்து மாற்றிப் பார்க்கலாம். ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. ஆளுக்கொரு ரீமிக்ஸ் (அதே கோப்பின் தனி நகல்) எடுத்து, செய்ததை பேக்பேக் (ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் துண்டுகளைக் கொண்டுபோகும் பை) வழியாகக் கொண்டுவந்து சேருங்கள்.

பெரிதாக வளர்ந்தால் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். அதன் காட்சிக் கோப்புகள் எழுத்து வடிவில் இருப்பதால் கிட் (யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைத்து, மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் கருவி) மூலம் பகிர வசதி. ஆனாலும் ஒரே காட்சியில் இருவர் கை வைத்தால் மோதும், காட்சிகளைச் சிறிதாகப் பிரியுங்கள். தமிழில் செய்பவர்கள் 4-ஆம் பதிப்பையே எடுங்கள். 3-இல் "கொ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

கேள்விகளும் அளவுகளும் நிரலுக்குள் இருக்கவே கூடாது. விரிதாளில் வைத்து சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுங்கள். ஒரு எண்ணை மாற்ற ஆசிரியர் நிரலாளருக்காகக் காத்திருந்தால் அது கூட்டு முயற்சியே இல்லை.

படி 5: வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

பிள்ளை விளையாடும்போது மூவரும் பின்னால் உட்காருங்கள். யாரும் உதவக் கூடாது. "அதை அமுக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். கை எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறியுங்கள்.

பிற்சேர்க்கை: விரிதாளில் 1/2 என்று அடித்தால் தேதியாக மாறிவிடுகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் நடந்தது, எழுத மறந்துவிட்டேன். மேல் எண்ணுக்கு ஒரு பத்தி, கீழ் எண்ணுக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுங்கள். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால், சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் சரியாகச் சேமிக்கும் குறியாக்கம்) என்ற சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள்.