பூண்டை மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் சேமிக்கும் முறை

புதுப் பூண்டு சந்தைக்கு வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூண்டின் விலை பெரும்பாலும் இறங்கியிருக்கும். 2024-ஆம் ஆண்டில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது பத்துப் பல் போடும் இடத்தில் ஐந்து பல்லோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு, மலிவான நாளில் ஒரு கிலோ வாங்கிச் சுட்டு வைப்பதன் அருமை தெரியும். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

பற்கள் பெரிதாகவும் கெட்டியாகவும், மேல்தோல் சரசரவென்று உலர்ந்தும் இருக்கும் பூண்டைத் தேர்ந்தெடுங்கள். முளைவிட்டதும், அழுத்தினால் உள்வாங்குவதும், கரும்பூஞ்சை படர்ந்ததும் வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மணம் தூக்கலாக இருக்கும். ஆனால் அதன் விலையைக் கருதினால், முதல் முறை செய்பவர்கள் சாதாரணப் பெரும்பல் பூண்டில் பழகிக்கொள்வதே நல்லது.

பூண்டை உரிக்க வேண்டாம். உதிரும் வெளித்தோலை மட்டும் நீக்கிவிட்டு, பற்களின் முனை தெரியும் அளவுக்கு நுனியை மெலிதாகச் சீவுங்கள்; வேர்ப்பக்கத்தை வெட்டினால் பற்கள் பிரிந்துவிடும் என்பதால் அதைத் தொடாதீர்கள். முழுதாகச் சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைப் பூண்டை இடிக்கும்போது அதன் செல்கள் உடைந்து, அல்லினேஸ் என்னும் நொதி வேலை செய்து, காரத்துக்கும் நெடிக்கும் காரணமான அல்லிசின் உருவாகிறது. பல் முழுதாக இருக்கும்போதே சூடேறினால் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. அதனால்தான் சுட்ட பூண்டு காரம் அடங்கி, இனிப்போடு வெண்ணெய்போலக் குழைகிறது.

அவன் (oven) அடுப்பை 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். சீவிய பக்கம் மேலே இருக்குமாறு பூண்டுகளைத் தட்டில் நெருக்கமாக அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டை அலுமினியத் தாளால் இறுக்கமாக மூடி, நடு அடுக்கில் வையுங்கள். நல்லெண்ணெயின் வாசனை நம் குழம்புகளோடு பொருந்தும். ஆலிவ் எண்ணெயும் சரியே. நாற்பது நிமிடம் கழித்து ஒரு பல்லில் கத்தி முனையைக் குத்திப் பாருங்கள். தடையின்றி இறங்கினால் தாளை எடுத்துவிட்டு, மேற்புறம் பொன்னிறமாகும்வரை இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் விடலாம். சிறிய ஓடிஜி (OTG) அவன்களில் சூடேற்றும் மேல் கம்பி அருகில் இருப்பதால், இந்தக் கடைசி நிமிடங்களில் பக்கத்திலேயே நில்லுங்கள். கருகிய பூண்டின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது.

அவன் இல்லாதவர்கள் உரித்த முழுப் பற்களை அடிகனமான வாணலியில் சிறிது எண்ணெயுடன் மூடி, மிகக் குறைந்த தீயில் அவ்வப்போது புரட்டி, 20 முதல் 25 நிமிடம் வதக்கலாம்.

கை பொறுக்கும் சூடு வந்ததும் வேர்ப்பக்கத்திலிருந்து அழுத்தினால் பற்கள் தாமாக நழுவி வரும். அவற்றைக் கரண்டியால் மசித்து, ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி, மூடி, இரவு முழுவதும் உறையவிடுங்கள். பூண்டு வாசனை தட்டில் தங்கிவிடும் என்பதால் இதற்கென்று ஒரு தட்டை ஒதுக்கிவிடுவது உத்தமம். உறைந்த கட்டிகளைக் காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு, அந்தப் பையை மூடியுள்ள டப்பாவில் வைத்துத் தேதியை எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம்வரை சுவை நன்றாக இருக்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்புடன் சொல்ல வேண்டும். சுட்ட பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டிவரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அவன் சூட்டில் அழிவதில்லை; எண்ணெய்க்கு அடியில் காற்றும் புளிப்பும் இல்லாத நிலையில் அவை வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1985-இல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகத்தில் குளிர்பதனம் செய்யாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டை உண்ட 36 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டார்கள். நஞ்சு கலந்திருப்பதை மோந்தோ ருசித்தோ அறிந்துவிட முடியாது. உறைநிலை வித்துகளைக் கொல்லாவிட்டாலும் வளரவிடாது. ஆகவே சுட்ட அன்றே, சுட்டு முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். உடனடித் தேவைக்குக் கொஞ்சம் ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சமைக்கும்போது கட்டியை உருகவிடத் தேவையில்லை. கொதிக்கும் குழம்பில் அப்படியே போடலாம். பூண்டுக் குழம்பில் புளியின் பச்சை வாசனை போன பிறகு இரண்டு கட்டிகள் சேர்த்தால், குழம்பு கெட்டிப்பட்டு மெல்லிய இனிப்பும் கூடும். பருப்புக் கடைசலுக்கும், வெண்ணெயுடன் குழைத்து ரொட்டியில் தடவவும் இது மிகப் பொருத்தம். ரசத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு மிளகு சீரகத்தோடு தட்டிய பச்சைப் பூண்டுதான் வேண்டும்.