இருண்ட நடு அறைக்கு மொட்டை மாடியிலிருந்து வெளிச்சம் இறக்குவது எப்படி

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அடுப்படிக்கு மேலே கூரை ஓடு ஒன்றை எடுத்துவிட்டு கண்ணாடி ஓடு வைத்திருப்பார்கள், காலையில் அடுப்புப் புகைக்கு நடுவே வெயில் தூண் மாதிரி இறங்கி நிற்கும். காங்கிரீட் வந்தபோது அதை விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், முன்னால் ஹால், பின்னால் அடுப்படி, நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. நட்டநடுப் பகலிலும் அங்கே டியூப்லைட் எரியும், அம்மா கீரை ஆய வாசல்படிக்குத்தான் வருவார். அந்த அறைக்கு வெளிச்சக் குழாய் வைத்ததில் கற்றதை எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வெளிச்சம் வரவைப்பது சுலபம், தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

அமைப்பு எளிது. மாடியில் வெயிலை உள்ளே விடுகிற ஒரு பிளாஸ்டிக் குமிழ், அதற்குக் கீழே உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும் உலோகக் குழாய், அறையின் உட்கூரையில் வெளிச்சத்தைப் பரப்பும் பால் நிற மூடி. குழாயின் உள்பூச்சில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வெளிச்சம் குழாயின் உள்சுவரில் பட்டுப் பட்டுத்தான் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் 98 சதவீதம் திருப்பி அனுப்பும் பூச்சு என்றால் பத்து முறை பட்ட பிறகும் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும், 85 சதவீதம் மட்டுமே திருப்பும் சாதாரண அலுமினியத் தகடு என்றால் அதே பத்து முறையில் 20 சதவீதம்கூட மிஞ்சாது. தகரக் கடையில் ஒரு குழாய் செய்து வாங்கிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அளவுக்கு வருவோம். குழாயின் விட்டம் 10 அங்குலம், 14 அங்குலம் இரண்டும்தான் வீடுகளுக்கு அதிகம் போடுவது. சுமார் 150 சதுர அடி அறைக்கு 10 அங்குலம் போதும். நல்ல வெயிலில் அந்த வட்டத்தில் விழுகிற வெளிச்சத்தில் பாதி வழியிலேயே போய்விட்டாலும் மூன்று 9 வாட் எல்இடி பல்பு அளவுக்குக் கீழே வரும். 14 அங்குலம் என்றால் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் ஓட்டையும் அதே கணக்கில் பெரிதாகும், கட்டி முடித்த தளத்தில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இடம் பார்க்கும்போது மாடியிலும் பார்க்க வேண்டும், அறையிலும் பார்க்க வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டு மாடிப்படிக் கூண்டு இவற்றின் நிழல் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கோடையில் போட்ட கோடு மார்கழிக்குச் செல்லாது. சென்னையில் மார்கழி மதியத்திலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், 5 அடி உயரத் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே ஏறக்குறைய 4 அடி நீளும். அதனால் தொட்டிக்கு வடக்கே ஒட்டி ஓட்டை போடாதீர்கள். அறைக்குள் பார்க்க வேண்டியது மின்விசிறி. இறக்கைக்கு நேர் மேலே மூடி வந்துவிட்டால் விசிறி சுற்றும்போதெல்லாம் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், பத்து நிமிஷத்தில் தலை வலிக்கும். 4 அடி விசிறி என்றால் அதன் நடுவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள்.

அடுத்தது தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. நம் வீட்டுத் தளம் பெரும்பாலும் நாலரை, 5 அங்குலக் கனம், உள்ளே கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று போல இரண்டு திசையிலும் ஓடும். எங்கே துளைத்தாலும் ஒன்றிரண்டு கம்பி வெட்டுப்படும். ஆகவே பீமை ஒட்டி வேண்டாம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து இடத்தைக் காட்டாமல் வேலையைத் தொடங்கவும் வேண்டாம். உட்பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிற பழைய தளத்தில் இதைச் செய்யவே கூடாது. கரண்ட் பைப்பும் அதே தளத்துக்குள்தான் புதைந்திருக்கும். மின்விசிறி மாட்டிய பெட்டியைத் திறந்து எந்தத் திசையில் பைப் போகிறது என்று பார்த்து அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். புது வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, சென்ட்ரிங் அடிக்கும்போதே 12 அங்குல பிவிசி பைப் துண்டு ஒன்றை நிறுத்தி, சுற்றி இன்ஜினியர் சொல்கிற கூடுதல் கம்பியைக் கட்டி காங்கிரீட் போட்டுவிட்டால் முடிந்தது.

கட்டின வீட்டில் ஓட்டை போடுவது கோர் கட்டிங் மெஷின், அதாவது காங்கிரீட்டை வட்டமாக அறுத்தெடுக்கும் மெஷின், வைத்திருப்பவர் வேலை. உளி சுத்தியலால் உடைக்க விடாதீர்கள், அதிர்வில் சுற்றிலும் விரிசல் விழும். அறையில் உட்கூரையில் குறித்த புள்ளி வழியாக முதலில் சின்ன டிரில்லால் மேலே வரை ஒரு துளை போட்டுவிடுங்கள், மாடியில் அந்தத் துளைதான் வட்டத்தின் நடு. மெஷின் ஓடும்போது சிமெண்ட் பால் கீழே ஊற்றும், வெட்டிய காங்கிரீட் துண்டும் ஆள் தலையில் விழுந்தால் உயிருக்கு ஆபத்தான கனம், எனவே கீழே முட்டுக் கொடுத்து அறையைக் காலி செய்து பூட்டி வையுங்கள்.

இனி கட்டை. குமிழ் உட்காருவதற்காக ஓட்டையைச் சுற்றி எழுப்புகிற சின்னச் சுவரைச் சொல்கிறேன். எங்களுக்கு வேலை செய்தவர் மாடி ஓட்டின் மேலேயே 3 அங்குலத்துக்கு ஒரு கட்டை கட்டிவிட்டுப் போனார். ஐப்பசி அடைமழையில் வேப்பிலை போய்த் தண்ணீர் வடியும் குழாயை அடைத்து, மாடியில் தண்ணீர் தேங்கி, ஓட்டுக்கும் கட்டைக்கும் இடையே இறங்கி, விடிய விடிய அறைக்குள் சொட்டியது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தோம். சரியான முறை இதுதான்: ஓட்டையைச் சுற்றி ஓர் அடிக்கு, மாடியில் பதித்த ஓடுகளையும் அடியில் உள்ள கலவையையும் எடுத்து வெறும் தளம் தெரியவேண்டும். அதைக் கொத்திவிட்டு, கழுவி, அந்தத் தளத்தின் மேலேயே 4 அங்குலக் கனத்தில் காங்கிரீட் கட்டை போட வேண்டும். அதன் உயரம், திரும்ப ஓடு பதித்த மட்டத்திலிருந்து 6 அங்குலத்துக்குக் குறையவே கூடாது, நான் 9 வைத்தேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, தளமும் கட்டையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டிப் பூசி, வாட்டர் ப்ரூஃப் பூச்சை வலைத்துணி வைத்து இரண்டு கோட் கட்டையின் தலை வரை ஏற்றுங்கள்.

ஓடு பதிக்கும் முன் சுற்றிலும் செங்கல் வைத்து வரப்புக் கட்டி, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை. பங்குனி, சித்திரையில் இதையெல்லாம் முடித்துக்கொள்வது நல்லது.

குழாய் மாட்டும் வேலை அரை நாள்தான். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை மேல் சாக்கு போட்டுக்கொள்ளுங்கள். பூச்சில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் குத்திவிடும். குழாயைத் திறந்த வெயிலில் கிடத்தவே கூடாது, குவிந்த வெயில் பக்கத்தில் இருக்கிற அட்டைப் பெட்டியைக்கூடப் பற்ற வைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மாட்டும்போது உரித்தால் போதும், உரித்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், ரேகை பதிந்த இடம் பதிந்ததுதான். துண்டுக்குத் துண்டு 2 அங்குலம் செருகி, ஸ்க்ரூ முடுக்கி, சந்து முழுக்க அலுமினிய டேப் ஒட்டுங்கள். சின்னச் சந்து விட்டாலும் எறும்பும் ஈசலும் உள்ளே போய் பால் மூடியில் கருப்பு கருப்பாகக் கிடக்கும், ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டுக் கழற்ற வேண்டிவரும். முடிந்தவரை நேராக இறக்குங்கள், வளைவு கூடக் கூட வெளிச்சம் குறையும்.

குமிழுக்குத் தென்னை மரத்தடி வீடு, குரங்கு வருகிற ஊர் என்றால் அக்ரிலிக் பிளாஸ்டிக் வேண்டாம், எளிதில் உடையாத பாலிகார்பனேட்டில் வாங்குங்கள், அதிலும் வெயிலுக்கு மஞ்சளாகாத பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டு, குமிழ் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும், இறுக்கினால் வெயிலில் விரியும்போது அந்த இடத்திலிருந்துதான் கீறும்.

அப்புறம் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. தூசி அதிகம் படிகிற தெரு என்றால் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் குமிழைத் துடைத்துவிடுங்கள், ஐப்பசி பிறக்கும் முன் கட்டையைச் சுற்றிப் பூச்சு எங்காவது விட்டிருக்கிறதா, தண்ணீர் வடியும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த டியூப்லைட்டை இப்போது மாலை ஆறு மணிக்கு மேல்தான் போடுகிறோம். அம்மா கீரையை அந்த அறையிலேயே முறத்தோடு உட்கார்ந்து ஆய்கிறார்.