பழைய லீவர் ரைஃபிளைப் பெட்டியில் வைக்கும் முன் ஹேமரை இறக்குவது எப்படி?

லீவர் ரைஃபிளில் (டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையப் பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் ரைஃபிள்) ஒரு சங்கடம் உண்டு. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க லீவரைத் திறக்க வேண்டும். திறந்தால், தோட்டா உட்காரும் அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட் பின்னுக்கு வந்து, ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல்) தள்ளிக் காக் செய்துவிடும், அதாவது சுடத் தயாராக நிறுத்திவிடும். பார்த்துவிட்டு லீவரை மூடினால், ஹேமர் காக் ஆனபடியே நிற்கும். ஆக, ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் கடைசியில் ஹேமரை இறக்கும் வேலையும் சேர்ந்தே வருகிறது. புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலும் வின்செஸ்டர் 1873, 1892, 1894, மார்லின் 336 போன்ற, ஹேமர் வெளியே தெரியும் ரைஃபிள்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஹேமரே இல்லாத சாவேஜ் 99 பற்றித் தனியாகச் சொல்கிறேன். உங்கள் மாடலின் கையேடு கிடைத்தால் அது சொல்வதே முதல். ரைஃபிளை எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தையும் உரிமத்தின் நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இறக்க வேண்டும்?

"காக் ஆனபடி வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நல்ல எஃகு ஸ்பிரிங்கை அதன் அளவுக்குள் அழுத்தி வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் 1873, 1892 போன்றவற்றில் இருப்பது நூறு வயதைத் தாண்டிய தட்டை ஸ்பிரிங். அதன் அடிப்பக்கத்தில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் வெளியே தெரியாது. அதை வருடக்கணக்கில் வளைத்தே வைப்பானேன்?

என்னைக் கேட்டால், ஸ்பிரிங்கைவிடப் பெரிய காரணம் வேறு. காக் ஆன ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஹேமர் இறங்கியிருப்பதால் ரைஃபிள் காலி என்று அர்த்தமில்லை. பழைய ரைஃபிள்கள் பலவற்றில் முழுதாக இறங்கிய ஹேமர் ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி) மீதே உட்கார்ந்திருக்கும். அறையில் தோட்டா இருந்து ஹேமரில் ஓர் அடி விழுந்தால் வெடிக்கலாம். அதனால் காலி செய்வது எப்போதும் முதல் வேலை, ஹேமரை இறக்குவது கடைசி வேலை.

படி 1: இடத்தைத் தயார் செய்யுங்கள்

தோட்டாப் பெட்டிகளை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். குழலின் வாயைக் குண்டு பாய்ந்தாலும் தாங்கக்கூடிய திசையில் வையுங்கள். மரக்கதவும் பலகைத் தடுப்பும் ரைஃபிள் குண்டைத் தடுக்காது. விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது. கையில் எண்ணெய்ப் பசை, வியர்வை இருந்தால் துடைத்துவிடுங்கள். கையுறையும் வேண்டாம். ஹேமர் நழுவுவதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

படி 2: காலி செய்யுங்கள்

லீவரைக் கடைசிவரை கீழே தள்ளி, கடைசிவரை மேலே இழுங்கள். பாதியில் நிறுத்தினால் ஒரு தோட்டா, அதை அறைக்கு ஏற்றும் தூக்கியின் மேலேயே உள்ளே தங்கிவிடும். தோட்டா வெளியே வருவது நிற்கும்வரை இயக்குங்கள், அப்புறம் இன்னும் மூன்று முறை இயக்குங்கள். இந்த நேரத்தில் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் போய்த்தான் வெளியே வருகிறது, ஹேமரும் காக் ஆகியே இருக்கிறது. அதனால் குழல் எங்கே பார்க்கிறது என்பதிலிருந்து கவனம் விலகக் கூடாது. லீவரை இயக்கும்போது விரல்கள் லீவர் வளையத்துக்குள்ளேயே இருக்கட்டும், டிரிக்கரைத் தொட வேண்டாம்.

.22 ரகங்கள் பலவற்றில் குழாய் மேகசினின் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) உள்குழாயை முன்பக்கமாக உருவி எடுக்கலாம். அதை எடுத்துவிட்டு, பிறகு லீவரை இயக்குங்கள்.

படி 3: கண்ணாலும் விரலாலும் பாருங்கள்

அவசரமே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே படி இதுதான். லீவரைத் திறந்தே வைத்து, சின்ன டார்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வின்செஸ்டர்களில் மேல்பக்கம் திறந்திருக்கும், மேலிருந்து பார்க்கலாம். மார்லினில் மேல்பக்கம் மூடியிருக்கும், வலதுபக்கத் துவாரம் வழியாகப் பார்க்க வேண்டும். மூன்று இடங்களைப் பாருங்கள்: குழலின் பின்வாயில் உள்ள அறை, தோட்டாவைத் தூக்கும் தூக்கி, மேகசின் குழாயின் வாய். அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கறுத்துப்போன பித்தளைக் கூடு அரையிருட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது.

மேகசின் விஷயத்தில் பழைய ரைஃபிள்கள் ஏமாற்றும். குழாய் எங்காவது நசுங்கியிருந்தாலோ, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ, தோட்டா நடுவழியில் சிக்கி நிற்கும். லீவரை எத்தனை முறை இயக்கினாலும் எதுவும் வெளியே வராது, நாமும் காலி என்று நம்பிவிடுவோம். பிறகு ஒரு நாள் ரைஃபிளைத் தூக்கி வைக்கும் அதிர்வில் அது விடுபட்டுப் பின்னால் வந்து நிற்கும். அதனால் பக்கவாட்டில் தோட்டா போடும் கதவை விரலால் உள்ளே அழுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டாவைத் தள்ளும் மேகசின் ஃபாலோவர் பின்னால் வந்து நிற்பது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் ரைஃபிள் காலி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பி விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

படி 4: ஹேமரை இறக்குங்கள்

லீவரை மூடுங்கள். வெற்று உலோகம் உலோகத்தில் மோதாமலிருக்க, அந்தத் தோட்டா அளவுக்கான ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) ஒன்றை மூடும் முன்பே அறையில் போட்டுக்கொள்ளலாம். .22 போன்ற ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும்) ரைஃபிள்களுக்கு இது அவசியம். அவற்றில் காலி அறையில் ஹேமர் விழுந்தால் ஃபயரிங் பின் அறையின் விளிம்பையே கொத்தும்.

இனி இடதுகையால் ரைஃபிளை உறுதியாகப் பிடியுங்கள். வலதுகையின் மூன்று விரல்கள் லீவர் வளையத்துக்குள் போகட்டும். லீவரைக் கட்டையோடு ஒட்ட இறுக்குங்கள். வின்செஸ்டர் 94, மார்லின் 336 இரண்டிலும் லீவர் முழுதாக மூடாவிட்டால் டிரிக்கர் அசையாது. "டிரிக்கர் இறுகிப்போச்சு" என்று புகார் செய்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி.

வலது கட்டைவிரலின் நடுச்சதையை ஹேமரின் கொம்பு மீது முழுதாக வையுங்கள், நுனியை வைக்காதீர்கள். ஹேமரை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்து, அதன் பாரம் முழுவதையும் கட்டைவிரல் ஏற்றுக்கொண்டதா என்று உணர்ந்து பாருங்கள். இப்போது டிரிக்கரை அழுத்துங்கள். ஹேமர் விடுபட்டதும் சற்றே முன்னுக்குப் போக விட்டு, உடனே டிரிக்கரிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். மீதித் தூரத்தைக் கட்டைவிரலின் கட்டுப்பாட்டில் மெதுவாக இறக்குங்கள். வழியில் ஒரு கிளிக் கேட்டு ஹேமர் நிற்கும். அதுதான் ஹாஃப்-காக், ஹேமரைப் பாதி வழியில் பிடிக்கும் பள்ளம்.

டிரிக்கரை விடச் சொன்னதன் பலன் இங்கேதான். விரல் டிரிக்கரில் இல்லாவிட்டால், கட்டைவிரல் நழுவினாலும் ஹாஃப்-காக் பள்ளம் ஹேமரைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அழுத்தியபடியே இருந்தால் பிடிக்க ஒன்றுமில்லை, நேராக ஃபயரிங் பின்னில் போய் விழும். முதல் சில தடவைகளுக்கு, இடதுகைக் கட்டைவிரலையோ மடித்த தோல் துண்டையோ ஹேமருக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பழகுங்கள். விரலை வைத்தால் நழுவும்போது வலிக்கும் என்பதால் எனக்குத் தோல் துண்டுதான் பிடிக்கும்.

ஹாஃப்-காக்கில் நின்றதும் டிரிக்கரை மிதமாக அழுத்திப் பாருங்கள். ஹேமர் விழக் கூடாது. விழுந்தால் பள்ளம் தேய்ந்திருக்கிறது, அல்லது அதைப் பிடிக்கும் முனை உடைந்திருக்கிறது. அந்த ரைஃபிளைச் சரி செய்யாமல் சுடவே கூடாது.

பெட்டியில் வைக்க ஹாஃப்-காக் போதாதா என்றால், காலி ரைஃபிளை முழுதாக இறக்கிவிடுவதே மேல். ஹாஃப்-காக்கில் நிற்கும் ஹேமர் எங்காவது இடித்தால் அந்தச் சின்ன முனைதான் அடி வாங்கும். எனவே ஹேமரைச் சற்றே பின்னுக்கு இழுத்து, டிரிக்கரை அழுத்தி, ஹாஃப்-காக்கைத் தாண்டும்வரை அழுத்தியே வைத்து, மெதுவாக அடிவரை இறக்குங்கள்.

1980களின் நடுவிலிருந்து வந்த மார்லின்களிலும், 1992 முதல் 2003 வரை வந்த வின்செஸ்டர் 94களிலும் குறுக்கே தள்ளும் பட்டன் சேஃப்டி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஹேமரை இறக்கினால் இன்னொரு தடுப்பு கிடைக்கும். இந்த வின்செஸ்டர்களில் ஹேமர் இறங்கியதும் தானாகச் சற்றே பின்னுக்கு வந்து நிற்கும். அது பழுது இல்லை, அமைப்பே அப்படி.

சாவேஜ் 99 வைத்திருப்பவர்களுக்கு

இதில் கையால் பிடிக்க ஹேமரே இல்லை. காலி என்று உறுதி செய்தபின், ஸ்னாப் கேப் போட்டு, பாதுகாப்பான திசையில் டிரிக்கரை அழுத்திவிட வேண்டியதுதான். காக் ஆகியிருப்பதைக் காட்டும் சின்ன முள் இருக்கிறது, அது இறங்கியதா என்று தொட்டுப் பாருங்கள். சுழல் மேகசின் உள்ள மாடல்களில் இடதுபக்கச் சாளரத்தில் தெரியும் எண்ணையும் பாருங்கள். அதை மட்டுமே நம்பாமல் உள்ளேயும் டார்ச் அடியுங்கள்.

படி 5: வைப்பது

உலோகத்தில் மெல்லிய எண்ணெய் பூசித் துடையுங்கள். கை பட்ட இடமெல்லாம் உப்பு ஒட்டியிருக்கும், ஹேமரைப் பிடித்த இடத்தையும் மறக்காதீர்கள். தோல் உறையிலும் துணிப் பையிலும் நாள்பட வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் வழிந்து கட்டையின் மரத்தில் ஊறாமலிருக்க, குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துவது நல்லது. குழல்வாயை அடைக்காதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 50 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும்படி பாருங்கள். காலி செய்த தேதியைச் சீட்டில் எழுதி லீவரில் கட்டிவிடுங்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துத் துரு பாருங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், படி 1லிருந்தே ஆரம்பியுங்கள். மறுபடி சுடப் போகிறீர்கள் என்றால் ஸ்னாப் கேப்பை வெளியே எடுத்து, குழலுக்குள் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் முதல் தோட்டாவைப் போட வேண்டும்.